சைக்கிள் டியூப் சுற்றிய துப்பாக்கி

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்துபோய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். நான் அப்போது திருவள்ளூரில் ஆயுதப் போலீஸ் கான்ஸ்டபிள். வயது இருபத்தாறு. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, இப்போது பெரிய பெரிய கம்பெனிகளும் லாரிகளுமாக இருக்கிற பக்கம், அந்த நாளில் நெல் வயலும் வேர்க்கடலைக் கொல்லையும், அதைத் தாண்டினால் முள்காடும்தான். அங்கே ஒரு பங்குனி மாதச் சாயங்காலம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களில் சிலர் இன்னும் நல்லபடியாக இருக்கிறார்கள். அதனால் யார் பெயரையும் எழுதவில்லை.

எங்கள் பிரிவில் ஒரு விசேஷமான ரைபிள் இருந்தது. யுத்தம் முடிந்த பிறகு பட்டாளத்திலிருந்து எப்படியோ எங்கள் ஆயுதக் கிடங்குக்கு வந்து சேர்ந்தது. பார்க்க மற்ற ரைபிள் மாதிரிதான். ஆனால் அதன் முதுகில் ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளத்தில் ஒரு டெலஸ்கோப் பூட்டியிருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் நூறு கெஜத்தில் நிற்கும் ஆள் முப்பது நாற்பது கெஜத்துக்கு வந்துவிடுவான். சுடும் போட்டியில் தொடர்ந்து இரண்டு தடவை நான் கோப்பை வாங்கியிருந்ததால் அதை என் பொறுப்பில் கொடுத்திருந்தார்கள். அந்த ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வரும்போது எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ரைபிளோடு ஒரு மரப்பெட்டியும் உண்டு. அதற்குள் சில்லறைச் சாமான்கள். டெலஸ்கோப்பின் இரண்டு முனைக்கும் மாட்டுகிற தோல் மூடிகள், இரண்டையும் சேர்த்து ஒரு தோல்வார். கண்ணாடி துடைக்க மெத்தென்று ஒரு தோல்துண்டு. திருகைச் சரிபண்ண ஒரு சின்ன ஸ்பேனர். இவ்வளவுதான். எனக்கு இவை ஒரு பொருட்டாகவே படவில்லை. சுடுகிறவன் கையும் கண்ணும் நன்றாக இருந்தால் போதாதா என்று நினைப்பேன்.

அந்தப் பெட்டியை மதித்தவர் என்னோடு இருந்த இன்னொரு கான்ஸ்டபிள். பழவேற்காட்டு முஸ்லிம். அவர் வீட்டில் எல்லோரும் வியாபாரம். இவர் மட்டும் யுத்தகாலத்தில் ஓடிப்போய்ப் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா வரை போய்விட்டுத் திரும்பி, பிறகு போலீஸுக்கு வந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். இருவருக்கும் ஒரே பதவிதான். நான் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவேன். தினமும் காலையில் நாஷ்டா முடிந்ததும் அந்தப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். தோல் மூடிக்கு எண்ணெய் தடவுவார். கண்ணாடியை ஊதி, தோல்துண்டால் வட்டமாகத் துடைப்பார்.

"ஒரு தூசு ஒட்டிக்கினா போதும்பா. தூரத்துல நிக்கறவன் மூஞ்சி அழிஞ்சிடும்" என்பார்.

பட்டாளத்து டெலஸ்கோப்பில், முன்பக்கக் கண்ணாடிக்கு மேல் வெயில் படாமல் இருக்க ஒரு சின்னக் குழாய் மாட்டுவார்களாம். எங்களுக்கு வந்ததில் அது தொலைந்துபோயிருந்தது. பாய் ஒருநாள் கருப்பு அட்டையை நாலு விரல் நீளத்துக்குக் குழாயாகச் சுருட்டி, அதன்மேல் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இழுத்து மாட்டி, டெலஸ்கோப்பின் முன்னால் செருகிவிட்டார். அவ்வளவு அழகான ரைபிளுக்கு அது திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி இருந்தது.

"இன்னா பாய், கண்ணாடிக்குக் குல்லா போட்டுக்கிறியா?" என்று சிரித்தேன். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார். "வெயிலு எதுர்ல இருக்கறப்ப தெரியும்பா" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடம் கோடை ஆரம்பிக்கும்போதே கிராமங்களில் பெரியம்மை பரவியிருந்தது. எங்கள் போலீஸ் லைனில் எல்லோருக்கும் அம்மை குத்தியாகிவிட்டது. சுகாதார இலாகாக்காரர்கள் ஊர் ஊராக வண்டியில் போய், அம்மை கண்டவர்களைத் தனி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் பயந்து, பிள்ளைகளைக் குதிரிலும் வைக்கோல் போரிலும் ஒளித்து வைத்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து கை கழுவுகிற நேரம் எங்களுக்கு அவசரமாக உத்தரவு வந்தது. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், வயல் நடுவே தனியாக இருக்கும் வீட்டில் ஒரு விவசாயி துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். உள்ளே அவனுடைய ஏழு வயதுப் பெண்ணுக்கு அம்மை. அவளை ஏற்றிப்போக வந்த வண்டியைப் பார்த்துச் சுட்டுவிட்டான். டிரைவரின் கையில் ரவை பாய்ந்திருக்கிறது. கிட்டே போனால் இன்னும் யாரையாவது சுடுவான். அந்த டெலஸ்கோப் ரைபிளை எடுத்துக்கொண்டு உடனே வா.

நானும் பாயும் இன்ஸ்பெக்டரும் இன்னும் நாலு பேரும் வேனில் ஏறினோம். எனக்கு உள்ளூர ஒரே பரபரப்பு. போட்டி மைதானத்தில் அட்டையைச் சுட்டவனுக்கு முதல் தடவையாக நிஜமான வேலை. இன்ஸ்பெக்டர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண் ரைபிள் மேல் வரும்போதெல்லாம் அந்த சைக்கிள் டியூப் எனக்கு அவமானமாக இருந்தது. மெதுவாக அதைக் கழற்றி, காலடியில் போட்டேன். பாய் பார்த்தார். குனிந்து அதை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதும் செம்மண் ரோடு. வேனுக்குள் புழுதி அடித்து எங்கள் புருவமெல்லாம் சிவந்துவிட்டது. கண்ணாடிக்குத் தோல் மூடி போட்டிருந்ததால் அது மட்டும் தப்பித்தது. அந்த மூடியையும் பாய்தான் போட்டிருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அறுவடை முடிந்த வயல். நடுவில் ஒரு கூரை வீடு. எங்களைப் பார்த்தபடி ஒரே வாசல். வீட்டுக்குப் பின்னால், கூரைக்கு மேலே சூரியன். மற்ற மூன்று பக்கமும் நெருங்கமுடியாதபடி முள்வேலி. கிராமத்து ஜனங்கள் தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் கூடி நின்றார்கள்.

அவர்களிடம் விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அவன் நல்ல உழைப்பாளியாம். சொந்த நிலம். காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி. முந்தின வருடம் அவன் பெண்டாட்டிக்குக் காலரா கண்டு, இதே மாதிரி ஒரு வண்டியில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வரவில்லை. உடம்பைக்கூட அவன் பார்க்கவில்லையாம். இப்போது மகளுக்கு அம்மை போட்டதும், யாருக்கும் தெரியாமல் ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வயல் வீட்டுக்கு வந்துவிட்டான்.

இதையெல்லாம் நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். ஆனால் என் மனசில் எதுவும் இறங்கவில்லை. தூரம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டியோடு வந்திருந்த நர்ஸம்மா ஒருத்தி அங்கே இருந்தாள். நாற்பது வயது இருக்கும். கனத்த உடம்பு. பார்டர் பக்கம், தெலுங்கு கலந்து பேசுவாள். அவள்தான் இன்ஸ்பெக்டரிடம் மல்லுக்கு நின்றாள்.

"நான் போய்ப் பேசறேன் சார். காலையிலேர்ந்து அந்தப் புள்ளைக்கு இன்னா குடுத்தானோ. கெணத்துப் பக்கம்கூட அவன் வர்ல. நீங்க இத்தினி பேர் நிக்கறதப் பாத்தா இன்னும் பேஜாரு பண்ணுவான்."

இன்ஸ்பெக்டர் ரொம்ப நேரம் யோசித்தார். இருட்டிவிட்டால் ஒன்றும் செய்யமுடியாது என்று அவருக்குக் கவலை. கடைசியில் ஒத்துக்கொண்டார். என்னைக் கூப்பிட்டு, "அந்த வரப்புக்குப் பின்னாடி படுத்துக்கோ. அந்தம்மா மேல அவன் துப்பாக்கியைத் தூக்கினான்னா யோசிக்காதே. சுட்டுடு" என்றார்.

வரப்பின் மேல் ரைபிளை வைத்துப் படுத்தேன். பாய் என் இடது தோளை ஒட்டிப் படுத்தார். தோல் மூடிகளைக் கழற்றிவிட்டு டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

கண்ணாடி முழுக்க வெள்ளை. சாய்ந்த வெயில் நேராகக் கண்ணாடிக்குள் பாய்ந்து, பாலைக் கொட்டினது மாதிரி இருந்தது. அதற்கு நடுவில் வாசல் ஒரு கருப்புக் கட்டமாகவும், அதில் ஒரு ஆள் நிழலாகவும் தெரிந்தது. அவ்வளவுதான். 'தெரியவில்லை' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோப்பை வாங்கினவன் தெரியவில்லை என்று எப்படிச் சொல்லுவான்?

நர்ஸம்மா ஒரு கையில் குடையும், இடுப்பில் ஒரு சின்னக் குடம் தண்ணீருமாக வயலில் இறங்கி நடந்தாள். நாற்பது அடி போயிருப்பாள். வாசலில் இருந்த நிழல் குனிந்தது. எதையோ எடுத்தது. நீளமாக ஒன்று மேலே எழும்பியது. அதன் முனை லேசாக மின்னியது. இரும்புக் குழல். அவன் அதை முகத்துக்கு நேராகக் கொண்டுபோனான்.

என் விரல் விசையில் பாதி தூரம் போய்விட்டது.

"இருப்பா! இரு!" என்று பாய் காதருகில் சொன்னார். அடுத்த நொடி அவர் கை எனக்கு முன்னால் நீண்டது. சட்டைப் பையிலிருந்து அந்த சைக்கிள் டியூப் குழாயை எடுத்து டெலஸ்கோப்பின் முனையில் செருகினார்.

திரையை விலக்கியது மாதிரி அந்த வெள்ளை மறைந்தது. எல்லாம் தெரிந்தது.

முதலில் அவன் கன்னம் தெரிந்தது. பலூன் மாதிரி உப்பியிருந்தது. அவன் வாயில் இருந்தது துப்பாக்கி இல்லை, ஊதுகுழல். அடுப்பு ஊதுகிற இரும்புக் குழல். வாசலோரம் மூன்று கல் வைத்து, ஒரு சட்டியில் கஞ்சியோ என்னவோ கொதித்துக்கொண்டிருந்தது. புகையில் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஊதினான். அவனுக்குப் பின்னால் வேப்பிலை பரப்பின கோரைப்பாயில் அந்தப் பெண் படுத்திருந்தாள். அவளுடைய சின்னக் கை ஒன்று அவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. துப்பாக்கி அவனிடமிருந்து நாலைந்து அடி தள்ளி, சுவரில் சாய்ந்திருந்தது.

என் விரலை விசையிலிருந்து எடுக்க நினைத்தேன். அது அசையவில்லை, மரத்துப்போயிருந்தது. பாய்தான் என் கையின் மேல் தன் கையை வைத்து, விரலை மெல்லப் பிரித்து வெளியே எடுத்தார்.

"ஐயா, அவன் கைல துப்பாக்கி இல்லீங்கய்யா! ஊதாங்குழல்!" என்று பாய் பின்பக்கம் திரும்பிக் கத்தினார்.

அந்தச் சத்தம் அவனுக்கும் கேட்டுவிட்டது போலிருக்கிறது. தலையை நிமிர்த்தினான். நர்ஸம்மா வருவதை அப்போதுதான் பார்த்தான். ஊதுகுழலைப் போட்டுவிட்டு ஒரே தாவலாகத் தாவி, நிஜமாகவே துப்பாக்கியை எடுத்துவிட்டான்.

பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர், "என்ன பண்றான்? என்ன பண்றான்? சொல்லுய்யா!" என்றார்.

இந்தத் தடவை நான் பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன். அவன் கை எங்கே இருக்கிறது, துப்பாக்கியின் கட்டை எங்கே, குழல் எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவன் துப்பாக்கியைக் குழல் பக்கம் பிடித்திருந்தான். தோளில் வைக்கிற மரக்கட்டை மேலே இருந்தது. தடி மாதிரி ஓங்கிக்கொண்டு நின்றான்.

"சுடறதுக்குப் புடிக்கலீங்கய்யா. கொம்பு மாதிரி புடிச்சிக்கினு கீறான். கிட்ட வந்தா அடிப்பேன்னு நிக்கறான், அவ்ளோதான்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"நிச்சயமா?"

"நிச்சயம்தான்யா. நல்லா தெரியுது."

இன்ஸ்பெக்டர் சுடச் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷம் முழுக்க அவர் என் கண்ணை நம்பினார்.

அதற்குள் பாதி வயலைத் தாண்டியிருந்த நர்ஸம்மா நின்றாள். ஓடவில்லை. குடத்தை இறக்கி வைத்தாள். குடையை விரித்தபடியே அந்தக் காய்ந்த வயலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் எல்லோரும் திகைத்துப்போனோம். அவள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. அவன் முகம் மட்டும் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. முதலில் கத்தினான். தலையை ஆட்டி ஆட்டிக் கத்தினான். பிறகு கத்துவது நின்றது. அவள் ஏதோ கேட்க, அவன் திரும்பிச் சட்டியைப் பார்த்தான். துப்பாக்கியின் கட்டை மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. அவன் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

என்ன பேசினாள் என்று பிற்பாடு நர்ஸம்மாவைக் கேட்டேன்.

"இன்னா பேசுவாங்க? 'வண்டி போய்ட்ச்சி நைனா, உம்பொண்ண நான் எங்கியும் ஏத்திக்கினு போவல. இங்கியே ஒக்காந்து பாத்துக்கறேன்'னேன். அதுக்கும் அடங்கல. அப்புறம், 'கஞ்சில உப்பு போட்டியா? புள்ளைக்கு வாய்ல புண்ணு இருக்கும், எரியும், போடாத'ன்னு சொன்னேன். அப்பத்தான் அழுதான்" என்றாள்.

அவள் கொடுத்த வாக்கை இன்ஸ்பெக்டர் காப்பாற்றினார். டிரைவரைச் சுட்டதற்குக் கேஸ் உண்டு, துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். ஆனால் குழந்தைக்கு உடம்பு தேறும்வரை அவன் அங்கேயே இருக்கட்டும், யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் காவல் என்று ஏற்பாடு செய்தார். மேலதிகாரிகளிடம் என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தாரோ தெரியாது. அந்த இரண்டு பேர் நானும் பாயும்தான்.

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் என் முதுகில் தட்டினார். "உன் கண்ணு, கண்ணுய்யா! ரிப்போர்ட்ல உன் பேரை எழுதறேன்" என்றார். நான் சல்யூட் அடித்தேன். பாய் பக்கத்தில்தான் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

வயலோரத்தில் ஒரு கூடாரம் அடித்து இருந்தோம். நர்ஸம்மா காலையில் வருவாள், சாயங்காலம் போவாள். அந்த வீட்டு வாசலில் அடுப்பு எரிவதும், அவன் ஊதுகுழலை எடுத்து ஊதுவதும் எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை அவன் அதை எடுக்கும்போதும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சாப்பாடு இறங்காது. மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, அவன் ஒரு பானை மோர் கொண்டுவந்து பாதி வழியில் வைத்துவிட்டு, "வெயில்ல கஷ்டப்படறீங்களே ஐயா, குடிங்க. நர்ஸம்மாவ ஊர்லேர்ந்து வாங்கியாரச் சொன்னேன், மோர நான் தொடல. பானைய மட்டும் சாம்பல் போட்டுக் கழுவிட்டேன்" என்று கூவிச் சொல்லிவிட்டுப் போனான். பாய் குடித்தார். எனக்குக் குடிக்க முடியவில்லை.

"பாய், நான் சுட்டிருப்பேன்" என்றேன்.

"தெரியும்பா."

"நீ ஏன் அன்னிக்கு வேன்லயே என்னைத் திட்டல? அதைக் கழட்டினப்பவே?"

அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "பர்மாவுல ஒருத்தன் மூங்கில் தூக்கிக்கினு போனான். வெயிலு எதுர்ல இருந்திச்சி. எங்கிட்ட அந்தக் கொழா இல்ல, எங்கியோ வுட்டுட்டேன். கிட்டப் போய்ப் பாத்தப்புறம்தான் மூங்கில்னு தெரிஞ்சிது."

காலி டம்ளரைக் கழுவ எழுந்து போனார். தினமும் காலையில் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் எதைத் துடைத்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்த மனுஷனைப் பார்த்து நான் எல்லோர் முன்னாலும் சிரித்திருக்கிறேன்.

அடுத்த நாள் இன்ஸ்பெக்டர் பார்வையிட வந்தார். அவர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் நேராகப் போய், "ஐயா, அன்னிக்கு நான் ஒண்ணும் பாக்கலீங்க. கண்ணாடி மேல போடற கொழாய அசிங்கமா இருக்குதுன்னு கழட்டிப் போட்டேன். பாய் மட்டும் திருப்பி மாட்டலேன்னா அந்த ஆளைச் சுட்டிருப்பேன். ரிப்போர்ட்ல அவர் பேரை எழுதுங்க" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன். சஸ்பெண்ட் செய்தாலும் சரி என்று நின்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. "அந்தக் குழாயை எடுத்துட்டு வா" என்றார். வாங்கி, டெலஸ்கோப்பில் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், சூரியன் பக்கம் திருப்பி மறுபடியும் போட்டுப் பார்த்தார். திரும்பக் கொடுக்கும்போது, "அன்னிக்கு வேன்ல நானும்தான் இதைப் பார்த்துச் சிரிக்க இருந்தேன்" என்றார். ரிப்போர்ட்டை மாற்றி எழுதினார். பிறகு தகர வேலை செய்கிறவரிடம் சொல்லி, உள்பக்கம் கருப்புச் சாயம் அடித்த நல்ல குழாய் ஒன்று செய்து வாங்கிக் கொடுத்தார்.

பாய்க்குத்தான் கோபம். "இன்னாத்துக்குப்பா போய்ச் சொன்ன? நான் கேட்டனா?" என்று அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு மட்டும் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆகியிருக்கும். அம்மை இறங்கி, பொருக்கு உதிர்ந்து, அந்தப் பெண்ணுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். முகமெல்லாம் தழும்பு. ஆனால் கண் இரண்டும் தப்பித்தது. நர்ஸம்மா அவளை வாசலில் உட்கார வைத்துத் தலை துவட்டும்போது, பாய் புளியமரத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார். அழுதார் என்று நினைக்கிறேன். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாள் அவனைப் பொன்னேரி கோர்ட்டுக்கு அழைத்துப்போகவேண்டும். அதற்குள் நான் அவனிடம் சொல்லியாக வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவன் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அன்னிக்கு நீ அடுப்பு ஊதினல்ல, அப்ப உன்னைச் சுட இருந்தேன். ஊதாங்குழலைத் துப்பாக்கின்னு நெனச்சிட்டேன்" என்றேன்.

அவன் கை நின்றது. "இன்னாது?"

மறுபடியும் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே அவன் பெண் நர்ஸம்மாவிடம் எதற்கோ சிணுங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க படுத்துக்கினு இருந்தீங்க?"

வரப்பைக் காட்டினேன். எழுந்து வேட்டியை உதறிவிட்டு அங்கே நடந்தான். நான் பின்னால் போகவில்லை. அவன் அந்த வரப்புக்குப் பின்னால் போய், குந்தி உட்கார்ந்து, தன் வீட்டைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடியும் கடலை உரிக்க ஆரம்பித்தான்.

"அங்கேர்ந்து பாத்தா எங்கூடு எம்மாஞ் சின்னதா தெரியுது" என்றான்.

பிறகு உரித்த கடலையை இரண்டு கையாலும் அள்ளி என் மடியில் போட்டான். "துன்னுங்க. நீங்க சரியாவே துன்றதில்லன்னு பாய் சொன்னாரு."

அன்று அந்தக் கடலை முழுவதையும் தின்றேன்.

கோர்ட்டில் நானும் சாட்சி சொன்னேன். துப்பாக்கியை அவன் எப்படிப் பிடித்திருந்தான் என்று மாஜிஸ்டிரேட் என்னை நிற்க வைத்து நடித்துக் காட்டச் சொன்னார். கையில் ரவை பாய்ந்த அந்த வண்டி டிரைவர், "எனக்கும் பொம்பளப் புள்ள கீதுங்க" என்று சொல்லிவிட்டார். கோர்ட்டு கலையும்வரை நிற்கவேண்டும் என்று சின்னத் தண்டனை. லைசென்ஸ் போயிற்று. சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டான். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு நானும் பாயும் போயிருந்தோம். நர்ஸம்மாதான் அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாக அதட்டிக்கொண்டு திரிந்தாள்.

நான் ஏட்டாகிப் புதுப் பையன்களுக்குச் சுடப் பயிற்சி கொடுத்த காலத்தில், குறி பார்த்ததும் சுட விடமாட்டேன். எதிரில் என்ன தெரிகிறது என்று முதலில் வாயால் சொல்ல வேண்டும். கண்ணாடி சரியில்லை, வெயில் அடிக்கிறது, தெரியவில்லை என்று ஒருவன் சொன்னால், அவனைத்தான் பாராட்டுவேன். பையன்கள் என்னைப் பைத்தியம் என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தப்பிப்போனதை நினைத்துச் சந்தோஷப்படுவதற்குப் பதில், வேறு ஒன்றை நினைத்துத்தான் இன்னும் சில நாள் திடுக்கிட்டு விழிக்கிறேன். அன்று நான் சுட்டிருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். அவன் பக்கத்தில் துப்பாக்கி இருந்தது, நர்ஸம்மாவைக் காப்பாற்றினேன் என்று எனக்குப் பரிசுகூடக் கொடுத்திருப்பார்கள், நானும் அதை வாங்கிக்கொண்டு, மகளுக்குக் கஞ்சி காய்ச்சிய ஒரு தகப்பனைக் கொன்றேன் என்று தெரியாமலே நிம்மதியாகக் கிழவனாகியிருப்பேன்.